விலகி நிற்றல்

சென்ற மாதம் ஒரு கவிதைப் பரிசுக்கான பதினோரு கையெழுத்துப் பிரதிகள் என்னிடம் வந்தன. தேர்வாளர் மூவரில் நான் ஒருவன். பிரதிகளில் பெயர் இல்லை. ஆனால் ஒன்றில் பாதிக் கவிதைகளைத் தாம்பரம் ரயிலடியில் நின்று, எழுதியவர் வாயாலேயே கேட்டிருக்கிறேன். இரண்டு வரிகள் நான் சொல்லித் திருத்தியவை. நல்ல தொகுப்பு. சிக்கலே அதுதான்.

வங்கியில் இதற்கு யோசனை தேவையில்லை. என் கணக்கில் நானே பற்று வரவு எழுதக்கூடாது. ஒருவர் எழுதியதை இன்னொருவர்தான் பாஸ் செய்யவேண்டும். குமாஸ்தாவின் நாணயம் பற்றி அந்த விதி எதுவும் சொல்வதில்லை. ஆகவே யாரும் புண்படுவதில்லை. இலக்கியத்தில் மட்டும் நம் மனச்சாட்சியைச் சாட்சிக்கு அழைக்கிறோம்.

ஒரிஸ்ஸாவில் கல்வி நிலைய நூலகங்களுக்குப் புத்தகம் தேர்ந்தெடுத்த குழுவில் எழுத்தாளர்களும் இருந்தார்கள். பரிசீலனைக்கு வந்தவற்றில் அவர்களுடைய புத்தகங்களும் இருந்தன. தன் புத்தகம் வரும்போது எழுந்து வெளியே போனால் போதாதா? போதாது என்றது உச்ச நீதிமன்றம், 1984இல். வெளியே போனவர் திரும்பி வருவார். அடுத்தவர் புத்தகத்துக்குக் கை தூக்குவார். முன்னுரைக்கு மதிப்புரையால் கடன் அடைக்கும் நமக்கு இந்த ஏற்பாட்டை விளக்கவேண்டியதில்லை.

1987இல் ரஞ்சித் தாக்கூர் வழக்கு. மேலதிகாரி மீது புகார் எழுதிய சிப்பாய் அவர். பின்னர் உணவு உண்ண மறுத்தார் என்று ராணுவ நீதிமன்றம் அவரை விசாரித்தபோது அதே அதிகாரி அதில் உட்கார்ந்திருந்தார். தண்டனையை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், நீதிபதி தன் மனத்தைத் துழாவி 'எனக்குப் பட்சபாதம் உண்டா' என்று கேட்டுக்கொள்வதில் பயனில்லை, எதிரே நிற்பவனின் மனத்தைப் பார்க்கவேண்டும் என்றது. அப்படியானால் தோற்கப்போகிறவன் எந்த நீதிபதியையும் விரட்டிவிடலாமே? அதனால்தான் சந்தேகம் நியாயமானதாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனை.

இதைவிடச் சிடுக்கானது நம் சென்னையில் நடந்தது. 2024 மே மாதம், குண்டர் சட்டத்தில் அடைக்கப்பட்ட சவுக்கு சங்கருக்கான ஆட்கொணர்வு மனு. உயர் நிலையிலிருந்த இருவர் தன்னைச் சந்தித்து, வழக்கை இறுதி விசாரணைக்கு எடுக்கவேண்டாம் என்று கேட்டதாக நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் பதிவு செய்தார். அதன் காரணமாகவே அரசின் பதில் மனுவுக்குக் காத்திராமல் தடுப்புக்காவலை ரத்து செய்தார். உடனிருந்த நீதிபதி பி.பி. பாலாஜி, அரசுக்கு அவகாசம் தரவேண்டும் என்றார். மூன்றாவதாகக் கேட்ட நீதிபதி ஜி. ஜெயச்சந்திரன், முன்னவர் விலகியிருக்கவேண்டும் என்றார்.

முதலில் எனக்கு இது பொறுக்கவில்லை. விலகினால் வந்து கேட்ட இருவருக்கும் வெற்றிதானே? ஆனால் காற்றுக்கு எதிர்ப்பக்கம் சாய்கிற மரமும் காற்றால்தான் சாய்கிறது. மகனைத் தேர்க்காலில் இட்ட சோழனிடம்கூட எனக்கு இந்த ஐயம் உண்டு: வேறொருவன் மகனாக இருந்தால் தண்டனை அவ்வளவு கடுமையாக இருந்திருக்குமா? அந்த ஆண்டு ஆகஸ்டில் வேறொரு அமர்வு அதே தடுப்புக்காவலை ரத்து செய்தது. முடிவு ஒன்றுதான். ஆனால் இரண்டாவது முடிவில் அந்த இருவரின் நிழல் இல்லை.

நம் வட்டம் சிறியது. எல்லோரும் விலகினால் தீர்ப்புச் சொல்ல ஆளிருக்காது என்பார்கள். வேறு ஆளே இல்லாத இடத்தில் சம்பந்தப்பட்டவரும் தீர்ப்பளிக்கலாம் என்று சட்டமும் இடம் தருகிறது. அப்போது சம்பந்தத்தைப் பக்கத்திலேயே அச்சிட்டுவிடுவதுதான் குறைந்தபட்ச நாணயம். ஆனால் பரிசுக்கு வேறு ஆள் கிடைப்பார். ஒரு பிரதியிலிருந்து மட்டும் விலகுவதும் பயனற்றது. மற்றப் பத்துக்கும் நான் போடும் மதிப்பெண் அதைத்தானே தொடும். பதினொன்றையும் திருப்பி அனுப்பினேன்.

இதில் நஷ்டம் எனக்கல்ல. ஒரு நியாயமான வாக்கை, தான் செய்யாத குற்றத்துக்காக, நண்பர் இழந்தார். ரயிலடியில் அவரிடம் சொன்னேன். சற்று நேரம் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வரி திருத்தினதுக்கு இதுதான் கூலியா, சார்?"

என்னிடம் பதில் இருந்தது. சொல்லவில்லை.