மாற்றிய கத்தியும் மாறாத பொறுப்பும்

விலை கொடுத்து ஒரு பொருளை வாங்கியவன் அதன் உடைமையாளன் ஆகின்றான் என்பதில் எவரும் ஐயுறுவதில்லை. பணம் கைமாறிய கணத்தில் உடைமையும் கைமாறிவிடுகின்றது. ஆயின், அப்பொருளைப் பற்றிய பொறுப்பும் அவ்வாறே முழுமையாகக் கைமாறுகின்றதா? செய்தவன் தன் கைவண்ணத்துக்கு எதுவரை பொறுப்பாளி? வாங்கியவன் அதன் வடிவத்தைத் தன் தேவைக்கேற்ப மாற்றிவிட்டால் பழைய பொறுப்பு அற்றுவிடுகின்றதா? சிறியதொரு கத்தியைக் கொண்டே இவ்வினாக்களை ஆராய்தல் கூடும்.

திருகோணமலையிலிருந்து புல்மோட்டை செல்லும் வீதியில், நிலாவெளிக்கு வடக்கே, களப்பும் கடலும் கூடுமிடத்தில் அமைந்தது இறக்கக்கண்டி. கடலையும் களப்பையும் நம்பி வாழ்வோர் பலர் வாழும் ஊர் அது. அங்குள்ள மீனவர் ஒருவர், பிடியோடு இறுகப் பொருத்திய மடியாத அலகுடைய பிறநாட்டுக் கத்தியொன்றை வாங்குகின்றார் எனக் கொள்வோம். அதன் பெட்டியினுள் உத்தரவாதச் சீட்டொன்று இருக்கின்றது. வாழ்நாள் முழுவதும் கத்திக்குத் தாம் பொறுப்பென அச்சீட்டின் முதல் வரி கூறுகின்றது; அலகின் வடிவத்தை எவரேனும் மாற்றினால் அப்பொறுப்பு ஒழியுமெனக் கடைசி வரி கூறுகின்றது.

கத்தியின் முனையோ கூரியது. இயந்திரத்தின் விசிறியில் வலை சிக்கும்போது, அலையிலாடும் படகின் விளிம்பிற் குனிந்து அதனை அறுத்தெடுக்க வேண்டும். அவ்வேளையில் கூர்முனை உடனிருப்பவனின் கையைக் கிழிக்கலாம். நல்ல வலையையும் கிழிக்கலாம். கப்பலோட்டிகள் முனை மழுங்கிய கத்திகளை நெடுங்காலமாக விரும்பி வந்தமைக்குக் காரணம் இதுவே. ஆதலின் மீனவர் கத்தியைப் பட்டறைக்குக் கொண்டு செல்கின்றார். கொல்லர் முனையைச் சாணையில் தேய்த்து வளைவாக்கிக் கொடுக்கின்றார். சில மாதங்களின் பின், ஒரு நாள் கடலில், கத்தி பிடிக்கு அருகே இரண்டாக முறிகின்றது. இப்போது பொறுப்பாளி யார்?

இவ்வினாவுக்கு விடை காணுமுன் உருக்கின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். கத்தி செய்வோர் உருக்கைச் செந்தழலாகக் காய்ச்சி, நீரிலோ எண்ணெயிலோ தோய்த்துத் திடீரெனக் குளிர்விப்பர். அதனால் உருக்குக் கடினமாகின்றது. ஆயின் கண்ணாடி போல் நொறுங்கும் தன்மையும் அடைகின்றது. அக்குறையைப் போக்க, சாதாரணக் கரிம உருக்காயின் ஏறத்தாழ 200 பாகை செல்சியசு அளவில் மீண்டும் இளஞ்சூடு கொடுப்பர். கடினமும் உறுதியும் சமன்படுவது இவ்விரண்டாம் சூட்டினாலேயே. விரைந்து சுழலும் மின்சாணையில் மெல்லிய விளிம்பு பட்டால், கணப்பொழுதில் அவ்வெல்லையை மீறிச் சூடேறும். ஏறத்தாழ 300 பாகையில் உருக்கின் மேல் நீலநிறம் படரும். நீலம் படர்ந்த அவ்விளிம்பு மென்மையாகிவிட்டது. பின்னர் நீரில் நனைத்தாலும் இழந்த கடினம் மீளாது. இடையிடையே நீரில் தோய்த்து மெல்லத் தேய்ப்பவருக்கு இக்கேடு நேர்வதில்லை. மேலும், அலகில் கூரிய மூலையுடைய வெட்டொன்றை இட்டால் வளைக்கும் விசையெல்லாம் அம்மூலையிற் குவிந்து விரிசலைத் தோற்றுவிக்கும். அவ்விடத்தையே வளைவாக்கிவிட்டால் விசை பரந்து செல்லும். எனவே, மாற்றம் என்னும் ஒரே சொல்லுக்குள் தீங்கற்ற செயலும் தீங்குடைய செயலும் அடங்கிக் கிடக்கின்றன.

இனித் தத்துவ நோக்கில் நோக்குவோம். வடிவம் மாறிய பொருள் பழைய பொருள்தானா? உரோமச் சட்ட அறிஞர் இவ்வினாவை வேறொரு சந்தர்ப்பத்தில் எழுப்பினர். பிறருடைய மூலப்பொருளைக் கொண்டு ஒருவன் புதுப்பொருள் செய்தால் அது யாருக்குரியது என்பதே அவர்தம் பிணக்கு. மூலப்பொருளின் சொந்தக்காரனுக்கே என்றனர் சபீனியர். செய்தவனுக்கே என்றனர் புரொக்கூலியர். ஆறாம் நூற்றாண்டிலே யஸ்தீனியன் பேரரசன் இடைவழியொன்றைக் கண்டான். பழைய நிலைக்கு மீட்கக் கூடியதாயின் முன்னவனுக்கு. மீட்க இயலாததாயின் பின்னவனுக்கு. உருக்கி மீட்கக்கூடிய வெள்ளிப் பாத்திரம் ஒரு வகை. மீண்டும் திராட்சையாகாத மது மற்றொரு வகை. இலங்கையின் பொதுச்சட்டமாகிய உரோமன் ஒல்லாந்துச் சட்டத்தின் வேர்கள் இத்தகைய வாதங்களிலேயே ஊன்றியுள்ளன.

இவ்வளவுகோலைக் கத்திக்குப் பொருத்தினால், தேய்ந்த உருக்கு மீளாதாகையால் அது புதுப்பொருளாகி, பொறுப்பும் மீனவரையே சேர்ந்துவிட்டது எனத் தோன்றும். ஆயின் இம்முடிபு அவசரமானது. கோடரியின் சாரம் அதன் தொழிலில் உள்ளதென்பது அரிஸ்ரோட்டில் காட்டிய வழி. முனை மழுங்கிய கத்தியும் அறுக்கின்றது; அதே பிடி, அதே அலகு, அதே தொழில். எனவே அது பழைய கத்தியே என வாதிடுவாருக்கும் இடமுண்டு. பொருள் பழையதா, புதியதா என்னும் ஆராய்ச்சி இவ்வாறு இருபக்கமும் இழுபடுவதால், பொறுப்பை வரையறுக்க அது போதிய கருவியன்று.

நம் மரபிலோ இதனினும் பொருத்தமான கருவியொன்று உண்டு. குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் எனச் சைவசித்தாந்தம் பகுத்துக் காட்டும். ஒரு விளைவுக்குக் காரணங்கள் பல. அவற்றைப் பிரித்தறிதலே அறிவு. முறிந்த கத்திக்கும் இதனைப் பொருத்துக. முறிவு நேர்ந்தது பிடிக்கு அருகில்; கொல்லர் தொட்டதோ முனையை. இடையில் சூடு பரவியதற்கு அறிகுறி இல்லையாயின், முறிவின் காரணம் செய்தவனது சூட்டுமுறையிலோ உருக்கிலோ இருத்தல் கூடும். மாறாக, தேய்த்த முனையே சிதைந்திருந்தால் மாற்றியவரே அதற்குக் காரணர். முன்னதில், வடிவம் மாறியது என்பதை மட்டும் காட்டிச் செய்தவன் விலகிக்கொள்வது, தன் குற்றத்தைப் பிறன் செயலின் நிழலில் மறைப்பதாகும்.

செய்தவன் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. வடிவம் மாறியபின் சான்றின் ஒரு பகுதி தேய்ந்து போய்விடுகின்றது. பட்டறையில் நிகழ்ந்ததைத் தூரதேசத்தில் இருப்பவன் அறியான். அறியாததற்குப் பொறுப்பேற்குமாறு ஒருவனை வற்புறுத்தலும் அறமன்று. ஆகவே, மாற்றத்தால் கேடு விளையவில்லை எனக் காட்டும் கடப்பாட்டில் ஒரு பகுதி மாற்றியவரையும் சார்தல் முறையே.

சட்டங்களும் இவ்விரு நியாயங்களுக்கிடையே வழி தேடியுள்ளன. இலங்கையில் 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், தரமும் பயன்பாட்டுத் தகுதியும் பற்றிச் சொல்லாமலே உடன்பட்ட நிபந்தனைகளை ஏற்கின்றது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் முறைப்பாட்டுக்கு வழி வகுத்தது. ஐக்கிய அமெரிக்காவின் 1975ஆம் ஆண்டு உத்தரவாதச் சட்டம், தம் உறுப்புகளையே விலைக்கு வாங்கிப் பொருத்த வேண்டுமென உத்தரவாதத்துக்கு நிபந்தனையிடுவதைப் பொதுவாகத் தடுக்கின்றது. இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ, விற்பவரே பொருளை மாற்றியிருந்து அம்மாற்றமே கேட்டுக்குப் பெருங்காரணமாயின் அவரைப் பொறுப்பாளி ஆக்குகின்றது. மாற்றுபவன், மாற்றிய அளவுக்குச் செய்தவனின் இடத்தில் அமர்கின்றான் என்னும் அறக்கருத்து இதனுள் பொதிந்துள்ளது.

எனினும் சட்டம் எட்டாத இடம் ஒன்றுண்டு, அது மனச்சான்று. நீலம் படர்ந்த விளிம்பை மினுக்கி மறைத்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. அவ்வாறு மறைத்துப் புதுக்கத்தி கேட்பவன் வணிகனை மட்டும் ஏமாற்றவில்லை. நேர்மையாக முறையிடும் நாளைய மனிதனின் சொல்லையும் மதிப்பிழக்கச் செய்கின்றான். அதனினும் கொடிது, மாற்றிய கத்தியை உண்மை சொல்லாது மற்றொருவன் கையிற் கொடுத்தல். நள்ளிரவுக் கடலில், சிக்கிய வலையை அறுக்கும் தோழனுக்கு உத்தரவாதச் சீட்டு உதவப்போவதில்லை. கொடுத்தவனின் வாய்மையே அவனுக்குக் காவல்.

ஊர்ப் பட்டறையில் சீட்டு எதுவும் எழுதிக் கொடுப்பதில்லை. ஆயினும் தாம் தேய்த்த கத்தி எவர் கையில் எந்த நிலையில் உள்ளதென்பதைக் கொல்லர் அறிவார்; பழுதாயின் அவரிடமே திரும்பி வரும். முகம் அறிந்த அவ்வுறவில் பொறுப்பை மறுப்பது அரிது. முகம் அறியாத சந்தையிலே அவ்வுறவின் இடத்தைச் சீட்டு பிடித்துக்கொண்டது. சீட்டின் எழுத்துக்கள் உறவின் கடமையைச் சுமக்க வேண்டுமேயன்றி அதிலிருந்து தப்பும் வாயிலாதல் தகாது.

ஆகவே, செய்தவன் தான் செய்ததற்கும், மாற்றியவன் தான் மாற்றியதற்கும் பொறுப்பாளிகள். மறைத்தவனோ மறைத்ததனால் விளையும் அனைத்துக்கும் பொறுப்பாளி. அலகின் வடிவத்தைச் சாணை மாற்றலாம். செய்கைக்கும் செய்தவனுக்கும் உள்ள தொடர்பை எந்தச் சாணையாலும் தேய்த்தழித்தல் இயலாது.