அதிதியாய்ப் போகிறவன் உபகாரியாகலாமா?

படிப்பு முடிந்து உத்தியோகத்தில் அமர்வதற்கு முன் கிடைக்கும் சிறு இடைவெளியில், முதுகில் ஒரு பையைச் சுமந்துகொண்டு தேசாந்தரம் புறப்பட்டு, மலிவான விடுதிகளிலும் இரவு ரயில்களிலும் பொழுதைக் கழித்து, வழியிலே ஏதேனும் ஒரு கிராமத்தில் சில வாரங்கள் தங்கி, பள்ளிக்கூடச் சுவருக்கு வர்ணம் பூசியோ, செங்கல் சுமந்தோ, குழந்தைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தோ ஊர் திரும்பும் இளைஞர்களின் கூட்டம் இன்று உலகமெங்கும் பெருகியிருக்கிறது. அவர்களுடைய நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. உலகத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆவலோடு உலகத்துக்கு ஏதாவது செய்யவும் வேண்டும் என்ற தாபம் இருபது வயதில் எழாவிட்டால் வேறு எந்த வயதில் எழப்போகிறது? ஆயினும், மொழி தெரியாத ஊரில், அழைப்பில்லாத வீட்டில், இன்னொருவருடைய துன்பத்தின் நடுவே போய் நின்றுகொண்டு தன்னை உபகாரி என்று எண்ணிக்கொள்ள ஒருவனுக்கு என்ன அதிகாரம் உண்டு என்ற கேள்வி தர்மத்தைப் பற்றிய கேள்வியாகையால், பிரயோஜனக் கணக்குப் பார்த்து அதைத் தீர்த்துவிட முடியாது.

தைத்திரீய உபநிஷத்தின் சீக்ஷாவல்லியில், வேதம் ஓதி முடித்த மாணவனை வீட்டுக்கு அனுப்பிவைக்கும் ஆசாரியர் அவனுக்குச் சொல்லும் கடைசி உபதேசம் ஒன்று இருக்கிறது. தாயையும் தந்தையையும் ஆசாரியனையும் தெய்வமாகக் கொள்ளச் சொன்னவர், அந்த வரிசையிலேயே அதிதியையும் தெய்வமாகக் கொள்ளச் சொல்கிறார். சற்றுத் தள்ளி, கொடுக்கும் முறையைப் பற்றிப் பேசுகையில், சிரத்தையோடு கொடுக்க வேண்டும் என்பதோடு நில்லாமல், லஜ்ஜையோடும் அச்சத்தோடும் கொடுக்க வேண்டும் என்கிறார். கொடுப்பவன் எதற்காக வெட்கப்பட வேண்டும், யாருக்காக அஞ்ச வேண்டும்? வாங்குகிறவன்தானே தலைகுனிந்து நிற்பது உலக வழக்கம்? கொடுத்த கணத்திலேயே கொடுத்தவனுக்கு வாங்கியவன்மீது ஓர் ஆதிக்கம் உண்டாகிவிடுகிறது என்பதையும், அந்த ஆதிக்கம் அன்பின் உடையை அணிந்து வருவதால் அதை அடையாளம் கண்டுகொள்வது மகா கஷ்டம் என்பதையும் அந்த ஆசாரியர் நன்கு அறிந்திருந்தார் என்றே நான் கொள்கிறேன். பையைத் தூக்கிக்கொண்டு புறப்படும் நம் காலத்து இளைஞனுக்கோ இந்த இரண்டு உபதேசங்களும் ஒருங்கே பொருந்துகின்றன. போன இடத்தில் அவன் அதிதியாகவும் இருக்கிறான், கொடுப்பவனாகவும் இருக்க ஆசைப்படுகிறான்.

இவ்விரண்டையும் ஒரு வாழ்க்கையில் இணைத்துக் காட்டியவர்களுள் சுவிட்சர்லாந்து தேசத்தவரான பியர் செரெசோலைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1879-இல் பிறந்தவர், தந்தையார் அந்தக் கூட்டாட்சியின் தலைவராகவே இருந்தவர், தாமோ கணிதமும் பொறியியலும் கற்றவர். அப்படிப்பட்ட குடும்பத்துப் பிள்ளை, முப்பது வயதளவில் எல்லாவற்றையும் விட்டுப் புறப்பட்டு, அமெரிக்காவிலும் ஹவாய்த் தீவுகளிலும் ஜப்பானிலும் சில ஆண்டுகள் கிடைத்த வேலையைச் செய்து பிழைத்தபடி அலைந்தார். ஊர் திரும்பிய பின், பிதுரார்ஜிதமாக வந்த செல்வத்தை அரசுக்கே கொடுத்துவிட்டார்; போர்ச் சேவைக்கு ஈடான வரியைச் செலுத்த மறுத்துப் பலமுறை சிறை சென்றார். முதல் உலகப் போர் முடிந்த பிறகு, 1920-ஆம் ஆண்டின் இறுதியில், வெர்டூன் போர்க்களத்தை அடுத்த எஸ்ன் என்ற பிரெஞ்சுக் கிராமத்துக்கு ஒரு சிறு கோஷ்டியுடன் போய்ச் சேர்ந்தார். பீரங்கிக் குண்டுகளால் கிராமமே இடிபாட்டு மேடாகக் கிடந்தது. அவருடைய கோஷ்டியில் ஜெர்மானியரும் இருந்தார்கள். தங்கள் நாட்டுச் சேனை இடித்ததைத் தங்கள் கைகளால் கட்டித்தர வேண்டும் என்று வந்தவர்கள் அவர்கள். இடிபாடுகளை அகற்றினார்கள், குண்டுக் குழிகளைத் தூர்த்தார்கள், குடியிருக்கத் தற்காலிக வீடுகளை எழுப்பினார்கள். ஆனால் அந்த மண்ணில் ஜெர்மானியர் கால் வைக்கலாகாது என்ற எதிர்ப்பு எழுந்தது. அவர்களை அனுப்பிவிட்டுத் தாம் மட்டும் இருக்க மற்றவர்கள் இசையவில்லை. சில மாதங்களில் வேலை நின்றுபோயிற்று.

இன்று உலகெங்கும் நடக்கும் தொண்டர் முகாம்களுக்கெல்லாம் மூலமாகக் கருதப்படும் அந்த முதல் முகாம், வேண்டாம் என்று சொல்லப்பட்டு முடிந்த முகாம் என்பதை நான் மிக முக்கியமான விஷயமாகக் கருதுகிறேன். மகனைப் பறிகொடுத்த வீட்டுக்காரனுக்கு, அந்த மகனைக் கொன்ற தேசத்தவன் கொண்டுவரும் செங்கலை மறுக்கும் உரிமை உண்டு. அந்த மறுப்பு சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல, உதவ வந்தவனுக்கு இடமில்லை. செரெசோலும் நண்பர்களும் அதை ஏற்று விலகினார்கள். விலகியதால் அவர்களுடைய நோக்கம் மாசுபடவும் இல்லை, மடிந்துபோகவும் இல்லை. பனிச்சரிவும் வெள்ளமும் நேர்ந்த இடங்களிலெல்லாம் பின்னர் அந்த முறை தழைத்தது.

1934 ஜனவரி 15-ஆம் தேதி பிகாரில் பூகம்பம் நேர்ந்தபோது அந்த முறை இந்தியாவுக்கும் வந்தது. வடபிகாரில் பூமி பிளந்து, உள்ளிருந்து மணல் பீறிட்டு வயல்களை மூடியது. கிணறுகள் மணலால் தூர்ந்தன. நிலமட்டம் மாறியதால் வெள்ள அபாயமும் கூடிற்று. அந்த நாட்களில் ஹரிஜன யாத்திரையாகத் தமிழ்நாட்டில் சுற்றிக்கொண்டிருந்த காந்தியடிகள், தீண்டாமைப் பாபத்துக்குக் கிடைத்த தண்டனையே இந்தப் பூகம்பம் என்று திருநெல்வேலியில் சொன்னதும், ஜடப்பிரகிருதியின் நிகழ்ச்சியை இவ்வாறு நீதியோடு முடிச்சிடுவது தகாது என்று தாகூர் கண்டித்ததும் பலரும் அறிந்த விவாதம். துன்பம் யாருடைய வினையால் வந்தது என்ற அந்த மகத்தான விசாரணையில் நான் தாகூரின் பக்கமே நிற்கிறேன். செரெசோலோ அதற்குள் புகாமல், ஐம்பதைக் கடந்த வயதில் கப்பலேறி வந்து, ராஜேந்திர பிரசாத் தலைமையில் நிவாரணம் செய்துகொண்டிருந்தவர்களைச் சந்தித்து, என்ன வேண்டும் என்று கேட்டறிந்து, பிறகு இரண்டு மூன்று நண்பர்களோடு மீண்டும் வந்து, வெள்ளம் ஏறாத மேட்டு நிலத்தில் கிராமங்களைப் புதிதாக அமைக்கும் வேலையில் ஈடுபட்டார். முதலில் கேட்டார், பிறகு மண் சுமந்தார். இந்த வரிசை மாறியிருந்தால் அவருடைய உழைப்பு எனக்கு இவ்வளவு பெரிதாகத் தோன்றியிராது.

இதற்கு நேர் எதிரான கட்சியையும் சொல்லியாக வேண்டும். 1968 ஏப்ரலில், மெக்ஸிகோ நாட்டுக் கிராமங்களில் சேவை செய்ய முன்வந்திருந்த அமெரிக்க மாணவர்களிடையே இவான் இல்லிச் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் பேசினார். பார்க்க வாருங்கள், மலையேற வாருங்கள், கற்க வாருங்கள், உதவ மட்டும் வராதீர்கள் என்பது அவருடைய பேச்சின் சாரம். உதவத்தான் வேண்டுமென்றால் உங்கள் ஊர் ஏழைகளிடம் போங்கள். அவர்களுக்கு உங்கள் பாஷை தெரியும், பிடிக்காவிட்டால் முகத்துக்கு நேரே திட்டி அனுப்புவார்கள் என்றார். கடுமையான வார்த்தைதான். ஆனால் அதன் உள்ளே உபநிஷத்து ஆசாரியரின் அச்சமே இருக்கிறது. நம்மைத் திட்டி அனுப்ப முடியாதவர்களிடம் நாம் செய்யும் சேவை சேவைதானா என்பதை நமக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. இல்லிச்சின் முடிவை நான் முழுவதும் ஏற்கவில்லை; ஏற்றால் செரெசோலும் பிகாருக்கு வந்திருக்கக் கூடாது என்றாகும். அவர் சுட்டிய அபாயத்தை மட்டும் தள்ள முடியவில்லை.

நம் நாட்டு விவேகானந்தர், கொடுப்பவனே வாங்குபவனுக்கு நன்றி செலுத்த வேண்டும், தன்னைப் பண்படுத்திக்கொள்ள அவன் தந்த வாய்ப்பல்லவா அது என்று போதித்தார். கொடுப்பவனின் கர்வத்தை வேரோடு அறுக்கச் சொன்ன மருந்து அது. அதையே தலைகீழாகப் பிடித்துக்கொண்டால் விஷமாகிவிடும். என் ஆத்ம லாபத்துக்கு ஏழை வேண்டும் என்று ஆயிரக்கணக்கானோர் புறப்பட்டால், ஏழையை உண்டாக்கித் தருவதற்கு ஒரு வியாபாரமும் புறப்பட்டுவிடும். கம்போடியாவில் அதுதான் நடந்தது. யுத்தமெல்லாம் ஓய்ந்த பிறகு, 2005-க்கும் 2010-க்கும் இடையில், அங்கே அநாதை இல்லங்களின் எண்ணிக்கை முக்கால் பங்கு கூடியது. அவற்றிலிருந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தார்கள் என்று யூனிசெப் வெளியிட்ட ஆய்வு காட்டியது. வறிய பெற்றோரிடம் படிப்பும் சோறும் கிடைக்கும் என்று சொல்லி அழைத்துவந்த பிள்ளைகள், வெளிநாட்டு இளைஞர்களின் மடியில் ஏறி உட்காருவதற்கும், அவர்கள் முன் ஆடிப் பாடுவதற்கும் பழக்கப்பட்டார்கள். இரண்டு வாரம் கொஞ்சிவிட்டு ஒரு அக்காள் விமானம் ஏறிப் போவாள். மறுவாரம் வேறொரு அண்ணன் வருவான். ஒவ்வொரு பிரிவிலும் அந்தக் குழந்தையின் மனத்தில் எது முறிந்தது என்று யாரும் கேட்கவில்லை. அந்த அக்காளின் கண்ணீர் பொய்யல்ல என்பதுதான் இதில் மிகவும் துக்கமானது. குழந்தைகளை இவ்வாறு இல்லங்களுக்குக் கடத்துவதை ஆஸ்திரேலியா 2018-இல் நவீன அடிமைமுறை பற்றிய தன் சட்ட விவாதங்களின்போது அடிமைத்தனத்தின் ஒரு வகையாகவே கருதத் தொடங்கியது.

வேறு விதமான ஒரு காட்சியும் நம் தேசத்திலேயே உண்டு. கல்கத்தாவில், காளிகட்டுக் கோயிலை ஒட்டிய கட்டடத்தில், 1952-இல் மதர் தெரஸா மரணத் தறுவாயில் இருப்போருக்காகத் திறந்த நிர்மல் ஹிருதயத்துக்கு ஸ்பெயினிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கொரியாவிலிருந்தும் இளைஞர்கள் வருகிறார்கள். காலையில் தலைமை மடத்தில் டீயும் ரொட்டியும் வாழைப்பழமும் உண்டபின் அவர்களைப் பல இல்லங்களுக்குப் பிரித்து அனுப்புகிறார்கள். அங்கே பலருக்கும் முதலில் கிடைப்பது துணி துவைக்கும் வேலை. தொட்டியில் ஊறிய போர்வையை இருவர் இரு முனையில் பிடித்து எதிரெதிராக முறுக்கிப் பிழிந்து, கனக்கும் ஈரத்தோடு மாடிக்குச் சுமந்து கொடியில் விரிக்க வேண்டும். ஒரு வாளி முடிந்தால் அடுத்த வாளி காத்திருக்கும். அந்த மடத்தின் வைத்திய முறைகளைப் பற்றி நியாயமான கண்டனங்கள் உண்டு. அவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் படுத்திருப்பவர் வேண்டாம் என்று சொல்லச் சக்தியற்றவர் என்பதால், வந்தவனை அவருடைய தலைமாட்டில் உட்கார வைப்பதற்கு முன் அவருடைய போர்வையைத் துவைக்க விடுவதில் ஓர் ஆழ்ந்த விவேகம் இருக்கிறது. துவைக்கும் கல்லருகே யாரும் யாருக்கும் இரட்சகராகத் தோன்ற முடியாது.

தன் மனம் விரிய வேண்டும் என்று ஒருவன் தூர தேசம் போவது இழிவான ஆசையல்ல. காசிக்குப் போகிறவனும் தன் சுத்திக்காகத்தான் போகிறான். கங்கைக்கு உபகாரம் செய்யப் போவதாக அவன் சொல்லிக்கொள்வதில்லை. அந்த நேர்மையோடு அதிதியாய்ப் போய், இட்டதை உண்டு, சொன்ன இடத்தில் படுத்து, அவ்வூர் மொழியில் நாலு வார்த்தை கற்றுத் திரும்புகிறவனுக்கு எந்தக் குறையும் இல்லை.

ஆகையால், புறப்படக் காத்திருக்கும் தம்பி தங்கைகளையும், அவர்களுக்குப் பணம் கட்டும் பெற்றோரையும் நான் வேண்டிக்கொள்வது இதுதான். அந்த வேலையை அவ்வூரார் கேட்டார்களா, பிடிக்காவிட்டால் உங்களை நிறுத்தி அனுப்ப அவர்களால் முடியுமா, அதே வேலையைக் கூலிக்குச் செய்ய அங்கே ஆள் இருக்கிறானா என்று பணம் கட்டும் முன்பே விசாரியுங்கள். திருப்தியான பதில் வராவிட்டால் யாத்ரீகர்களாக மட்டும் போய் வாருங்கள். குழந்தைகளைக் காட்டிப் பணம் கேட்கும் இல்லம் எதற்கும், ஒரு நாளைக்குக்கூடப் போகாதீர்கள்.