ஊசி தணித்த தாகம்

"டாக்டர், வெள்ளிக்கிழமை ஒரு ரிசப்ஷன் இருக்கு. இந்த வாரம் ஊசியைப் போடாம விட்டுட்டா, ரெண்டு பெக் எடுத்துக்கலாமா?"

உடல் எடையைக் குறைக்கும் வாராந்திர ஊசிகள் இந்தியாவுக்கு வந்ததிலிருந்து மருத்துவர்களின் காதில் விழத் தொடங்கியிருக்கும் கேள்வி இது. விட்டாலும் பயனில்லை என்பதுதான் பதில். இந்த ஊசிகளில் ஒன்றான செமாக்ளூடைட் மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். முழுக்க வெளியேற ஐந்து வாரமாவது வேண்டும். ஒரு ஊசியைத் தள்ளிப்போட்டு உடம்பை ஏமாற்ற வழியில்லை.

வேறு சிலர் வந்து சொல்வது இதைவிட வியப்பானது. "குடிக்கணும்னே தோணல டாக்டர். ஊத்தினதுல பாதி அப்படியே இருக்கு." கோயிலில் கயிறு கட்டியும், பிள்ளைகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தும், மாலை போட்ட மண்டலத்தைத் தவிர வேறு நாளில் விட முடியாத ஒன்று, எடை குறையட்டும் என்று வயிற்றில் குத்திக்கொண்ட சின்ன ஊசியால் தானாக நழுவிப் போயிருக்கிறது. அப்படியானால் குடியை வென்றது யார்? அந்த மனிதரா, மருந்தா? இது வென்றதில் சேருமா என்பதே பெரிய கேள்வி. ஆசையை என்ன செய்வது என்று இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகச் சமயங்களும் தத்துவங்களும் பேசி வந்திருக்கின்றன. ஆசையின் அளவை வெளியிலிருந்து இறக்கி வைக்கும் ஒரு திரவத்தை அவற்றில் எதுவும் எதிர்பார்த்திருக்கவில்லை.

மருந்தின் வழி சுருக்கமாக இதுதான். சாப்பிட்டதும் குடலில் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் சுரக்கிறது. சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும், வயிறு மெதுவாகக் காலியாகும்படி செய்வதும், போதும் என்று மூளைக்குச் சொல்வதும் அதன் வேலைகள். சில நிமிடங்களில் சிதைந்துபோகும் அந்த ஹார்மோனின் வேலையை நீண்ட நேரம் செய்யும் ஒரு பொருளை அமெரிக்கப் பாலைநிலத்தில் வாழும் ஹீலா மான்ஸ்டர் என்ற நச்சுப் பல்லியின் உமிழ்நீரில் ஜான் எங் என்ற மருத்துவர் 1990-களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தார். அதிலிருந்து வந்த எக்ஸெனடைட் 2005-இல் சர்க்கரை நோய்க்கு அனுமதி பெற்றது. செமாக்ளூடைடும் டிர்செபடைடும் பிறகு வந்தவை. இன்பத்தையும் ஏக்கத்தையும் ஆளும் மூளைப் பகுதிகளிலும் ஜிஎல்பி-1 வந்து ஒட்டும் இடங்கள் இருக்கின்றன. சோற்றின் மீதான இழுப்போடு சாராயத்தின் மீதான இழுப்பும் ஏன் தளர்கிறது என்பதற்கு ஆய்வாளர்கள் அங்கேதான் விடை தேடுகிறார்கள்.

2025-இல் ஜாமா சைக்கியாட்ரி இதழில் வந்த ஆய்வு ஒன்று சிறியதுதான். ஆனால் கூர்ந்து பார்க்க வேண்டியது. குடிநோய் உள்ள 48 பேருக்கு ஒன்பது வாரம் குறைந்த அளவில் செமாக்ளூடைடோ, மருந்தில்லாத வெற்று ஊசியோ போடப்பட்டது. மருந்து பெற்றவர்கள் குடித்த நாட்களில் குறைவாகக் குடித்தார்கள், ஏக்கமும் தணிந்தது. ஆனால் குடித்த நாட்களின் எண்ணிக்கையில் பெரிய மாற்றமில்லை. அதாவது அவர்கள் மேஜைக்கு வந்து உட்காருவதை ஊசி தடுக்கவில்லை. உட்கார்ந்த பிறகு எழுந்து போவதை எளிதாக்கியது. டென்மார்க்கில் 127 பேரிடம் எக்ஸெனடைடை வைத்துச் செய்த முந்தைய ஆய்வில் ஒட்டுமொத்தமாகப் பலன் தெரியவில்லை. உடல் பருமன் உள்ளவர்களிடம் மட்டும் குடி குறைந்தது. குடிநோய்க்கான மருந்தாக இந்த ஊசிகளுக்கு அனுமதி கிடையாது என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

அரிஸ்டாட்டில் தன் நிகோமாக்கிய அறவியல் நூலில் இரண்டு வகை மனிதர்களைப் பிரித்துக் காட்டுகிறார். ஒருவருக்குத் தவறான ஆசை எழுகிறது, அதை அடக்கிக்கொள்கிறார். இன்னொருவருக்கு அந்த ஆசையே எழுவதில்லை. இரண்டாமவரே உயர்ந்தவர் என்பது அவர் கணக்கு. 1785-இல் காண்ட் எழுதிய நூலோ வேறு பக்கம் நிற்கிறது. மனம் இழுக்காத திசையில், கடமை என்பதற்காக மட்டுமே ஒருவர் நடக்கும்போதுதான் அறத்தின் மதிப்பு துலங்குகிறது என்கிறார் அவர். ஊசி போட்டுக்கொண்டவரை இருவர் முன்னாலும் நிறுத்திப் பார்க்கலாம். இழுப்பே இல்லாத இடத்தில் எதிர்ப்பு ஏது என்று காண்ட் கைவிரிப்பார். அரிஸ்டாட்டிலும் உடனே ஏற்றுக்கொள்ள மாட்டார். ஆசை எழாத நிலை என்று அவர் சொன்னது சிறு வயது முதல் பழகிப் பழகி, நல்லதையே விரும்பக் கற்றுக்கொண்டதன் விளைவு. ஊசியில் பயிற்சி கிடையாது.

கீதையின் இரண்டாம் அத்தியாயம் இன்னும் நெருக்கமாக வருகிறது. உண்ணாதவனை விட்டுப் பொருள்கள் விலகிப் போகும், அவற்றின் மீதான சுவை மட்டும் உள்ளே தங்கிவிடும். மேலான ஒன்றைக் கண்ட பிறகே அதுவும் நீங்கும் என்பது அங்கே சொல்லப்படும் கருத்து. ஊசி இந்த வரிசையைப் புரட்டிப் போடுகிறது. மேலான எதையும் காணாமலே சுவை விலகுகிறது. ஆனால் எத்தனை நாளைக்கு? செமாக்ளூடைடைக் கொண்டு நடந்த ஸ்டெப் 1 ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீத எடை குறைந்தது. மருந்தை நிறுத்தி ஓராண்டு ஆனபோது, இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு எடை திரும்பி வந்திருந்தது. சுவை எங்கும் போயிருக்கவில்லை. ஒதுங்கி நின்றிருந்தது, அவ்வளவுதான். குடி ஏக்கமும் அப்படித் திரும்பக்கூடும் என்று எண்ணித் தயாராக இருப்பதே அறிவுடைமை.

இந்த விவாதத்தில் வள்ளுவர் எங்கே நிற்கிறார் என்பது குறளின் அமைப்பிலேயே தெரிகிறது. அவா அறுத்தலை அவர் துறவறவியலில் வைத்தார். புலால் மறுத்தலும் அங்கேதான். கள்ளுண்ணாமையை அங்கே வைக்கவில்லை. பொருட்பாலில், வரைவின் மகளிருக்கும் சூதுக்கும் நடுவே, 93-ஆம் அதிகாரமாக வைத்தார். சூது முடிந்ததும் வருவது மருந்து என்ற அதிகாரம். ஒருவன் தன் ஆசையோடு எவ்வளவு வீரமாகப் போராடினான் என்ற கணக்கு கள்ளுண்ணாமையில் வருவதில்லை. பெற்றவளின் முகம், ஊராரின் நகைப்பு, கைப்பொருள், தெளிந்த அறிவு ஆகியவையே அங்கே பேசப்படுகின்றன. இந்தப் பார்வைதான் இன்றைய கேள்விக்குப் பொருத்தமானது. மதிப்பெண் யாருக்கு என்ற சண்டை குடிப்பவரின் மனைவிக்கு வேண்டியதில்லை. அவர் தெளிவாக வீடு வந்து சேர்ந்தாரா என்பதே அவளுடைய கேள்வி.

வெளியிலிருந்து வரும் உதவி தன் முயற்சியைவிடத் தாழ்ந்தது என்ற எண்ணமும் எல்லா மரபிலும் இல்லை. 1935-இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் முதல் படியே, மதுவின் முன் தான் வலுவற்றவன் என்று ஒப்புக்கொள்வது. மணிமேகலையில் காயசண்டிகை பன்னிரண்டு ஆண்டு யானைத்தீ என்ற தீராப் பசியால் வாடுகிறாள். அமுதசுரபியிலிருந்து ஒரு பிடி சோறு விழுந்ததும் பசி தணிகிறது. அவள் என்ன தவம் செய்தாள் என்று சாத்தனார் கேட்கவில்லை. துன்பம் தீர்ந்தது நல்லது, அது போதும். ஆனால் கதை அதோடு முடிவதுமில்லை. ஊருக்குத் திரும்பும் வழியில், விந்திய மலைக்கு மேலே வான்வழி செல்லும்போது, அந்த மலையைக் காக்கும் விந்தாகடிகையின் வயிற்றுக்குள் அவள் இழுக்கப்பட்டு விடுகிறாள். பசி நின்ற பிறகும் வழியில் ஆபத்து இருக்கத்தான் செய்தது.

ஊசி போட்டுக்கொண்டவரின் வழியிலும் இருக்கிறது. மதியம் சாப்பிட்டது மாலைவரை வயிற்றில் கனத்துக் கிடக்கலாம். அதன் மேல் விஸ்கி விழுந்தால் குமட்டலும் வாந்தியும் எளிதில் வரும். வாந்தியோடு நீரும் வற்றினால் சிறுநீரகம் அடிபடும். 42.8 சதவீத விஸ்கியில் 60 மில்லி என்பது சுமார் 20 கிராம் ஆல்கஹால், 140 கலோரி. சத்து என்று எதுவும் இல்லை. குறைவாகச் சாப்பிடும் உடம்புக்கு அதனால் இருமடங்கு நட்டம். 2025-இல் வர்ஜீனியா டெக் ஆய்வாளர்கள் இருபது பேருக்கு ஒரே அளவு மது கொடுத்துப் பார்த்தார்கள். இந்த வகை மருந்து எடுத்துக்கொண்டவர்களின் மூச்சில் ஆல்கஹால் மெதுவாக ஏறியது. போதையும் குறைவாகவே தெரிந்தது. இது நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. "ஏறவே இல்லையே" என்று அடுத்ததை ஊற்றிக்கொள்பவருக்கும், வண்டிச் சாவியைக் கையில் எடுப்பவருக்கும் இதுவே கண்ணி.

எல்லாவற்றிலும் பயப்பட வேண்டியது சர்க்கரை இறங்குவது. கிளிமெபிரைட் மாத்திரையோ இன்சுலினோ சேர்த்து எடுப்பவர், பசியில்லை என்று சாப்பிடாமல் குடித்தால், மதுவை உடைப்பதில் ஈடுபட்டிருக்கும் கல்லீரல் ரத்தத்துக்குப் போதிய சர்க்கரையைத் தராது. வியர்க்கும், கை நடுங்கும், நாக்கு குழறும். கூட இருப்பவர்கள் "தலைக்கேறிடுச்சு, படுக்க வை" என்பார்கள். அந்த நேரத்தில் அவருக்கு வேண்டியது சர்க்கரை. விழுங்க முடியாத நிலையென்றால் ஆம்புலன்ஸ். மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் கடும் வலியும் அசட்டை செய்யக்கூடியதல்ல. கணைய அழற்சிக்கு மது முக்கியமான காரணம். இந்த ஊசிகளின் எச்சரிக்கைப் பட்டியலிலும் அது இருக்கிறது. முன்பு ஒருமுறை கணையம் வீங்கியவருக்கு மது அறவே கூடாது. மற்றவர்கள் குடித்தே ஆக வேண்டுமென்றால் சாப்பிட்ட பிறகு, கொஞ்சமாக, மெதுவாக, தண்ணீரோடு. ஊசியின் அளவை ஏற்றும் வாரங்களில் அதையும் தவிர்ப்பது நல்லது.

ஊசிக்கு மட்டுமல்ல, மாத்திரைக்கும் எச்சரிக்கை உண்டு. நால்ட்ரெக்ஸோனும் புப்ரோபியோனும் சேர்ந்த எடை மாத்திரை ஒன்று அமெரிக்காவில் 2014-இல் அனுமதி பெற்றது. அதில் உள்ள நால்ட்ரெக்ஸோன் 1994 முதல் அங்கே குடிநோய்க்கே தரப்படும் மருந்து. ஆனால் தினமும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென்று குடியை நிறுத்தும் நேரத்தில் புப்ரோபியோன் எடுத்தால் வலிப்பு வரும் ஆபத்து கூடுகிறது. மாத்திரையே இல்லாவிட்டாலும் அப்படி நிறுத்துபவருக்கு இரண்டு மூன்று நாளில் நடுக்கமும் பிதற்றலும் வரலாம். அதை வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது, மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

நியாயம் பற்றியும் பேசாமல் இருக்க முடியவில்லை. 2025 மார்ச்சில் டிர்செபடைட் இந்தியாவுக்கு வந்தபோது 2.5 மில்லிகிராம் குப்பி 3,500 ரூபாய். வாரம் ஒன்று வீதம் மாதத்துக்கு 14,000. அந்தப் பணம் உள்ளவருக்கு ஏக்கம் தணிகிறது, "நல்ல மனுஷன், விட்டுட்டார்" என்ற பெயரும் கிடைக்கிறது. டாஸ்மாக் வரிசையில் நிற்கும் சித்தாளுக்குக் கிடைப்பது வசவு. ஏக்கத்தின் அளவை ஒரு ஹார்மோன் ஏற்றி இறக்க முடியும் என்று தெரிந்த பிறகும் அவரை மட்டும் மனவுறுதி இல்லாதவர் என்று திட்டுவது அநியாயம். 2003 முதல் அவருக்கு மதுவைச் சில்லறையில் விற்று வருவது அரசு நிறுவனம்தான் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இந்த விஷயத்தில் மனிதர் தாமே செய்ய வேண்டியதாக மிஞ்சுவது உண்மை பேசுவது. தினமும் ஒரு குவார்ட்டர் அடிப்பவர், மருத்துவர் கேட்டதும் "எப்பவாவது டாக்டர்" என்கிறார். ஊசியின் அளவு, உடன் தரும் மாத்திரை, எடுக்க வேண்டிய ரத்தப் பரிசோதனை எல்லாமே அந்த ஒரு சொல்லின் மீது தீர்மானமாகின்றன. ஊசியை எப்போது நிறுத்துவது என்று பேசப் போகும் நாளிலும் குடியைப் பற்றிய பேச்சு தனியாக வேண்டும், ஏனென்றால் ஏக்கம் திரும்புவதாக இருந்தால் ஊசியை நிறுத்திய பிறகுதான் திரும்பும். அன்றைக்கு மனைவியையோ வளர்ந்த மகளையோ கூட அழைத்துப் போகலாம். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் "எப்பவாவது" என்று சொல்வது சுலபமில்லை.