நேர்முகப் பரீட்சையும் நேர்மையும்

வேலைக்கான நேர்முகப் பரீட்சைக்கு ஆயத்தமாவது நேர்மையான காரியமா? இப்படிக் கேட்டால் பலர் சிரிக்கக்கூடும். பரீட்சை என்றால் ஆயத்தமாகத்தானே வேண்டும், இதில் நேர்மைக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது என்பார்கள். ஆனால் இந்தக் கேள்வியை மன வருத்தத்தோடு என்னிடம் கேட்ட பிள்ளைகள் உண்டு. கணிதத்துக்கும் வரலாற்றுக்கும் ஆயத்தமாகும்போது நாம் ஒரு பாடத்தைப் படிக்கிறோம். நேர்முகப் பரீட்சையிலோ பாடமே நாம்தான். தன்னைப் பற்றிய பதில்களை ஒருவன் முன்கூட்டியே மனனம் செய்துகொண்டு போனால், அந்தக் கதிரையில் உட்காருவது அவனா, அவன் செய்துவைத்த பொம்மையா என்ற ஐயம் எழுவது நியாயமே.

நான் கிராமத்துப் பாடசாலை ஒன்றின் ஆசிரியன். விடுமுறை நாட்களில் கொழும்புக்கு வந்தால் பொரளையில் இருக்கும் ராத்தாவின் வீட்டில் தங்குவது வழக்கம். இந்த விடயத்தைப் பற்றி யோசிப்பதற்குப் பொரளைச் சந்தி பொருத்தமான இடம். நகருக்குள் வந்து இறங்குபவர்கள் இந்தச் சந்தியைக் கடந்துதான் இராஜகிரிய வழியாகப் பத்தரமுல்லைக்குப் போகிறார்கள். கல்வி அமைச்சின் இசுருபாயவும், பல அரச அலுவலகங்கள் இயங்கும் செத்சிறிபாயவும் அங்கேதான் இருக்கின்றன. வார நாட்களில் காலை ஏழு மணிக்குச் சந்தியில் நின்று பார்த்தால், சான்றிதழ் பைலை நெஞ்சோடு அணைத்தபடி, புதுச் சப்பாத்து காலைக் கடிக்க, பஸ்ஸின் பெயர்ப்பலகையை அண்ணாந்து பார்த்து நிற்கும் இளைஞர்களையும் யுவதிகளையும் அடையாளம் கண்டுகொள்ளலாம். பலர் இரவு பஸ்ஸில் தூரத்து ஊர்களிலிருந்து வந்தவர்கள்.

எமது ஊர்ப் பிள்ளைகள் சிலர் முதல் நாளே வந்து ராத்தாவின் வீட்டில் தங்கிவிட்டுப் போவார்கள். சில வருடங்களுக்கு முன்னர் அப்படி இருவர் ஒரே இரவில் வந்திருந்தார்கள். இருவரும் என்னிடம் படித்தவர்கள், கலைப் பட்டதாரிகள். ஒரு திணைக்களத்தின் கள உத்தியோகத்தர் பதவிக்கு விண்ணப்பித்திருந்தார்கள். ஒருவன் பணம் கட்டி வகுப்புக்குப் போய், ஐம்பது கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் எழுதிய கொப்பி ஒன்றோடு வந்திருந்தான். மற்றவன் வெறுங்கையோடு வந்திருந்தான்.

"உமது பலவீனம் என்ன?" என்று கொப்பிக்காரனிடம் கேட்டேன். "அளவுக்கு மீறி உழைப்பதுதான் எனது பலவீனம்" என்று இலக்கணத் தமிழில் பதில் வந்தது.

"உண்மையா மகன்?"

"இல்ல சேர். ஆனா அப்படித்தான் சொல்லணுமாம்" என்று அவனே சிரித்துவிட்டான்.

மற்றவன் சிரிக்கவில்லை. "இதுக்குத்தான் சேர் நான் ஒண்டும் பாடமாக்கல்ல. உள்ளத உள்ளபடி சொல்லிட்டு வாறன். ஒத்திகை பார்த்தா அது நாடகம்தானே?" என்றான்.

முதலாமவனின் ஆயத்தத்தில் பொய் கலந்திருந்தது. இரண்டாமவனின் நேர்மையில் ஆயத்தம் இருக்கவில்லை. இவ்விரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டா என்பதே எனது கேள்வி.

அதற்கு முன், நேர்முகப் பரீட்சை எதன் இடத்துக்கு வந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் கிழக்கிந்தியக் கம்பனியின் உத்தியோகங்களைப் பணிப்பாளர்கள் தமக்கு வேண்டியவர்களின் பிள்ளைகளுக்குப் பகிர்ந்தளித்தார்கள். 1855 இல் இந்தியச் சிவில் சேவைக்குப் போட்டிப் பரீட்சை வந்தபோதுதான் அந்த வழக்கம் தளர்ந்தது. எமது நாட்டில் சோல்பரி அரசியலமைப்பு அரசாங்க சேவை ஆணைக்குழுவைத் தந்தது. 1972 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு நியமன அதிகாரத்தை அமைச்சரவைக்குக் கொண்டுபோனது. 1977 இற்குப் பின் வந்த தொழில் வங்கி முறையில் விண்ணப்பப் படிவமே பாராளுமன்ற உறுப்பினரின் கையிலிருந்துதான் கிடைத்தது. எம்.பி.யின் கடிதத்துக்காக அதிகாலையிலேயே அவரது வாசலில் காத்து நின்ற வாப்பாமார்களின் கதை இல்லாத ஊர் எது? 1990 இல் வெளிவந்த, இளைஞர் அமைதியின்மை பற்றிய ஜனாதிபதி ஆணைக்குழுவின் அறிக்கை, நியமனங்களில் புகுந்த அரசியலை இளைஞர்களின் விரக்திக்கான காரணங்களில் ஒன்றாகச் சுட்டிக்காட்டியது. 2001 இல் 17ஆவது திருத்தம் ஆணைக்குழுவைச் சுயாதீனமாக்க முனைந்தது. அதன் பின்னரும் 2010, 2015, 2020, 2022 ஆகிய ஆண்டுகளின் திருத்தங்களால் அதன் உறுப்பினர்களை நியமிக்கும் முறை மாறி மாறி வந்திருக்கிறது.

இந்த வரலாற்றை வைத்துப் பார்த்தால், ஒரு மேசைக்கு முன்னால் உட்கார்ந்து தன் வாயால் தன்னைப் பற்றிச் சொல்ல ஒருவனுக்குக் கிடைக்கும் பதினைந்து நிமிடம் சாதாரணமானதல்ல. கடிதம் வாங்கித்தர ஆளில்லாதவனுக்கு அதுவே கடிதம். அதை அலட்சியம் செய்வதை நேர்மை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வர்த்தமானி அறிவித்தல்களைக் கவனித்து வாசிப்போர் இரண்டு வகை நேர்முகப் பரீட்சைகள் பற்றி அறிவார்கள். ஒன்று பொது நேர்முகப் பரீட்சை. அதற்குப் புள்ளி இல்லை. விண்ணப்பத்தில் எழுதிய தகைமைகள் உண்மையா என்று மூலச் சான்றிதழ்களைப் பார்ப்பதே அதன் நோக்கம். மற்றது கட்டமைக்கப்பட்ட நேர்முகப் பரீட்சை. எதற்கு எத்தனை புள்ளி என்று முன்கூட்டியே வகுக்கப்பட்டிருக்கும். இந்த வேறுபாடு தெரியாமல், முதலாவதற்குப் பொது அறிவுப் புத்தகத்தை மனனம் செய்துவிட்டு மூலச் சான்றிதழை வீட்டில் மறந்துவிட்டு வரும் பிள்ளைகள் உண்டு. தகைமை குறைந்ததால் அல்ல, சொல்லித்தர ஒருவர் இல்லாததால் அவர்கள் தடுமாறுகிறார்கள்.

கட்டமைப்பு எதற்கு? 1998 இல் பிராங்க் ஷ்மிட், ஜோன் ஹன்டர் என்ற இரு உளவியலாளர்கள், ஊழியர் தெரிவு பற்றிய 85 ஆண்டு கால ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மனம்போன போக்கில் பேசிப் பார்க்கும் நேர்முகத்தை விட, எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலால் புள்ளியிடும் நேர்முகமே பிற்கால வேலைத்திறனை நன்றாக முன்னறிவிக்கிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. 2022 இல் போல் சாக்கெட்டும் அவரது சகாக்களும் அந்தக் கணக்கைத் திருத்திப் பார்த்தபோதும் கட்டமைக்கப்பட்ட நேர்முகம் முன்னணியிலேயே நின்றது. ஆனால் அதன் பொருத்தமோ, முழுமை 1 என்றால், 0.42 தான். ஆகவே நேர்முகப் பரீட்சை மனிதனை அளந்துவிடும் தராசு அல்ல. அதில் தோற்றவனைத் தகுதியற்றவன் என்று எண்ணவும் முடியாது.

இனி நடுவழிக்கு வருவோம். தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது தற்பெருமை ஆகாதா என்று எம்மவர் தயங்குவதுண்டு. பதவியைக் கேட்டுப் பெறுவதை எச்சரிக்கும் நபிமொழியும் அவர்களின் மனதில் நிற்கிறது. ஆனால் யூசுப் நபி (அலை) அவர்களின் வரலாறும் எம்மிடம் உண்டு. சிறையிலிருந்து வரவழைக்கப்பட்ட அவர்கள், நாட்டின் களஞ்சியங்களைத் தம்மிடம் ஒப்படைக்கும்படி மன்னனிடம் தாமாகவே கேட்டார்கள். தம்மால் பாதுகாக்க முடியும், தமக்கு அதுபற்றிய அறிவு உண்டு என்ற இரண்டு தகுதிகளை மட்டுமே சொன்னார்கள். யஃகூப் நபியின் மகன் என்ற வம்சப் பெருமையை அவ்விடத்தில் முன்வைக்கவில்லை. பஞ்ச காலத்தில் களஞ்சியம் காப்பவனுக்கு வேண்டிய இரண்டும் அவையே. அதற்கு முன்பே, ஏழு வருட விளைச்சலை எப்படிச் சேமிப்பது என்று விளக்கியும் இருந்தார்கள். பதவி ஆசையால் கேட்பதும், ஒரு பொறுப்புக்கு வேண்டிய தகுதி தன்னிடம் இருப்பதை எடுத்துச் சொல்வதும் வேறு வேறு என்பதை மார்க்க அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள்.

இதிலிருந்து நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறை எளியது. முதலில் அந்த வேலை என்ன கேட்கிறது என்று அறி. வர்த்தமானியில் கடமைகள் பற்றி எழுதியிருப்பதை இரண்டு முறை வாசி. அதே பதவியில் இருக்கும் ஒருவரை உன் பிரதேச செயலகத்தில் தேடிப்பிடித்து, அவர் ஒரு நாளில் என்ன செய்கிறார் என்று கேள். பிறகு, அந்த வேலைக்கு உதவக்கூடியதாக நீ உண்மையில் செய்த மூன்று காரியங்களை எழுது. பள்ளிவாசல் கணக்கை எழுதியதா, வெள்ள காலத்தில் நிவாரணப் பட்டியல் தயாரித்ததா, வாப்பாவின் கடையைப் பார்த்துக்கொண்டதா, எதுவாக இருந்தாலும் சரி. ஒவ்வொன்றையும் இரண்டு நிமிடத்தில், எங்கே, என்ன சிக்கல், நீ என்ன செய்தாய், என்ன நடந்தது என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகு. சான்றிதழ்களின் மூலப்பிரதியையும் நிழற்பிரதியையும் அவர்கள் கேட்ட ஒழுங்கில் அடுக்கு. போகும் வழியை முதல் நாளே பார்த்துவை. தெரியாததைக் கேட்டால் தெரியாது என்று சொல்லவும் பழகு. அதற்கும் பழக்கம் வேண்டும்.

இதில் ஒத்திகை உண்டு, ஆனால் நாடகம் இல்லை. நாடகக்காரன் இல்லாத ஒருவனைக் காட்டுகிறான். இவனோ இருக்கின்ற தன்னைப் பதற்றம் மறைத்துவிடாதபடி பார்த்துக்கொள்கிறான். வெறுங்கையோடு வந்த பிள்ளையிடம் அன்றிரவு இதைத்தான் சொன்னேன். "உள்ளத உள்ளபடி சொல்ல வேணும் என்றாயே, உன்னிடம் உள்ளது என்னவென்று உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பேப்பர் ஒன்று கேட்டு வாங்கி எழுதத் தொடங்கினான். பலவீனத்தைக் கேட்டால் என்ன சொல்வது என்று மற்றவனும் மறுபடி யோசித்தான். "கூட்டத்துக்கு முன்னால பேசக் கூச்சம் சேர். இப்ப ஊர்ச் சங்கத்துல அறிக்கை வாசிச்சுப் பழகுறன்" என்றான். இரண்டுமே உண்மை. ஐம்பது பதில் கொப்பியில் அது இருக்கவில்லை.

அவர்களில் ஒருவன் மேலும் ஒரு கேள்வி கேட்டான். "நான் ஆயத்தமாகிப் போய் இடத்தப் பிடிச்சா, ஆயத்தமில்லாத ஒரு நல்ல ஆள் தவறிப்போகலாம்தானே சேர்?" இதற்கு முழுமையான பதில் என்னிடம் இல்லை. ஆனால் ஆயத்தத்தை விலைக்கு விற்கும் பொருளாக விட்டுவைத்தால்தான் அந்த அநீதி பெருகும். பணம் உள்ளவன் வகுப்புக்குப் போவான், இல்லாதவன் அதிர்ஷ்டத்தை நம்புவான். ஆகவே உயர்தரம் முடித்த பிள்ளைகள் அனைவரையும் பாடசாலை மண்டபத்தில் உட்காரவைத்து, ஒருவரை ஒருவர் கேள்வி கேட்கப் பழக்குவது கிராமத்து ஆசிரியர்களின் கடமை என்று கருதுகிறேன். எல்லோரும் ஆயத்தமாக வந்தால், தெரிவுக் குழு பேச்சுச் சாதுரியத்தைத் தாண்டித் தகுதியைப் பார்க்க வேண்டி வரும்.

ஆயத்தத்தால் ஆகாதவையும் உண்டு. ஆங்கிலத்தைச் சிங்களப் பிள்ளைகள் 'கடுவ' என்று அழைத்தார்கள். வாள் என்று பொருள். தம்மை வெட்டி வீழ்த்தும் ஆயுதமாக அதைக் கண்ட அந்த மனக்காயம் தமிழ் பேசும் கிராமத்துப் பிள்ளைக்கும் உண்டு. ஓர் இரவு ஒத்திகையால் அந்த வாளை மழுக்க முடியாது. பெயரும் அப்படித்தான். சுகதேவ் தோரட், போல் அட்டவெல் ஆகியோர் 2007 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், இந்தியத் தனியார் நிறுவனங்களின் விளம்பரங்களுக்குச் சமமான தகைமையுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிப் பார்த்தார்கள். உயர்சாதி இந்துப் பெயர்களை விட முஸ்லிம் பெயர்களுக்கும் தலித் பெயர்களுக்கும் அழைப்புக் குறைவாகவே வந்தது. அழைப்பே வராதவனிடம், நீ சரியாக ஆயத்தமாகவில்லை என்று சொல்வது கொடுமை.

திருக்குறளில் ஆளைத் தெரிவு செய்வது பற்றிய தெரிந்து தெளிதல் என்ற அதிகாரம், தெரியப்படுகிறவனுக்கு அல்ல, தெரிகிறவனுக்கே அறிவுரை சொல்கிறது. நாமோ அறிவுரை முழுவதையும் கதிரையின் இந்தப் பக்கம் இருப்பவனுக்கே சொல்லிக்கொண்டிருக்கிறோம். மேசையின் அந்தப் பக்கம் இருப்பவரும் ஆயத்தமாக வர வேண்டும். விண்ணப்பத்தை முன்கூட்டியே வாசித்து, எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டு, பதிலை முடிக்க விட்டு, ஊரையும் உடையையும் உச்சரிப்பையும் வைத்துப் புள்ளியிடாமல் இருப்பது அவர்கள் செய்ய வேண்டிய ஆயத்தம். எம்மவர் பலர் இன்று அதிபர்களாகவும் பணிப்பாளர்களாகவும் அந்தப் பக்கமும் இருக்கிறார்கள். அது ஓர் அமானிதம்.

அந்த இருவருக்கும் அந்த வேலை கிடைக்கவில்லை. வெறுங்கையோடு வந்த பிள்ளை ஊரில் இருக்கிறான். பிரதேச செயலகத்தில் எந்தக் கரும பீடத்தில் எதைக் கேட்க வேண்டும் என்று விசாரித்து வைத்திருந்தது இப்போது அயலவர்களுக்கு உதவுகிறது. கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்கும் வயோதிபத் தாய்மாருக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறான். பணம் வாங்குவதில்லை. வேறு பதவிகளுக்கும் விண்ணப்பித்துக்கொண்டே இருக்கிறான்.

ஓர் ஆயத்தம் நேர்மையானதா என்று அறிய எனக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றுதான். வேலை கிடைக்காவிட்டாலும் அது உன்னிடம் ஏதாவது மிச்சம் வைத்ததா? மிச்சம் வைத்தால் அது கல்வி. தோற்ற மறுநிமிடமே குப்பைக்குப் போகக்கூடியது என்றால், வென்றிருந்தாலும் அது உன்னுடையது அல்ல.