மீண்டு வந்த அஞ்சல் அதே அஞ்சலா?

மின்னஞ்சல் சர்வரின் பேக்கப் என்பது ஒரு கணத்தின் பிரதி. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் போன்ற சர்வரில் பல பேருடைய அஞ்சல் பெட்டிகள் ஒரே டேட்டாபேஸ் கோப்புக்குள் இருக்கின்றன. வழக்கமான பேக்கப்பில் அந்தக் கோப்பு முழுவதும் நகலாகிறது. மாற்றங்களை வரிசையாகக் குறித்து வைக்கும் லாக் கோப்புகளும் கூடவே நகலாகின்றன. இன்னாருடைய இன்ன கடிதம் என்று பிரித்து அது எதையும் எடுப்பதில்லை. ஆனால் பேக்கப்பைத் தேடி வருகிறவர் கேட்பது பெரும்பாலும் ஒற்றைக் கடிதத்தைத்தான். மொத்தமாக உறைந்துபோன ஒரு நாளிலிருந்து ஒரு கடிதத்தை மட்டும் இன்றைக்குக் கொண்டுவர முடியுமா, வந்தால் அது போன கடிதம்தானா? தொழில்நுட்பத்தில் எழும் இந்தக் கேள்வி, பொருள்களின் ஒருமை பற்றித் தத்துவ மரபுகள் நெடுங்காலமாக நடத்திவரும் வாதத்தோடு போய்ச் சேர்கிறது.

பழைய டேட்டாபேஸை அதன் இடத்திலேயே திரும்ப வைப்பது உதவாது. லாக் கோப்புகளைச் சேர்க்காமல் வைத்தால், பேக்கப்புக்குப் பிறகு எல்லோருக்கும் வந்த அஞ்சல்கள் மறைந்துவிடும். லாக் கோப்புகளைக் கடைசிவரை ஓட்டினாலோ, கடிதத்தை நீக்கிய செயலும் அவற்றில் பதிவாகியிருப்பதால் கடிதம் மறுபடியும் நீங்கிவிடும். நடந்த எல்லாவற்றையும் விசுவாசமாகத் திருப்பி நடத்தினால் இழப்பும் திரும்ப நடக்கும் என்பது இந்த ஏற்பாட்டின் இயல்பு.

இதற்கான வழியை எக்ஸ்சேஞ்ச் 2010 முதல் ரெகவரி டேட்டாபேஸ் என்ற பெயரில் காணலாம். பழைய டேட்டாபேஸ் தனியாக ஏற்றப்படுகிறது. அதற்குள் புதிய அஞ்சல் வராது. அதிலிருந்து அஞ்சல் போகாது. பயனர் எவரும் அதைத் திறக்க முடியாது. நிர்வாகி மட்டும் வேண்டிய பெட்டியிலிருந்து வேண்டியதை நகலெடுத்து, நடப்பில் இருக்கும் பெட்டிக்குள் வைக்கலாம். கடந்த காலம் நிகழ்காலத்தோடு கலக்காமல் பக்கத்தில் நிறுத்தப்படுகிறது. விலகி நிற்பதுதான் பேக்கப்பின் பலமும். 2011 பிப்ரவரியில் ஜிமெயிலில் ஒரு மென்பொருள் பிழையால் சுமார் 0.02 சதவீதப் பயனர்களின் அஞ்சல்கள் காணாமற்போயின. வெவ்வேறு தரவு மையங்களில் இருந்த நகல்களும் அந்தப் பிழைக்குத் தப்பவில்லை. இணைப்பில்லாமல் டேப்பில் கிடந்த நகலே தப்பியது. கூகுள் அதிலிருந்துதான் அஞ்சல்களை மீட்டது.

இப்படி மீண்டு வருவது எது? ஒவ்வொரு மின்னஞ்சலும் அனுப்பப்படும்போதே அதன் தலைப்பில் ஓர் அடையாளக் குறி பொறிக்கப்படுகிறது. மீட்ட நகலிலும் அதே குறிதான் இருக்கும். டேட்டாபேஸ் அதற்குத் தரும் உள் அடையாளம் மட்டும் புதியது. இந்தியத் தத்துவ மரபுகளில் பௌத்த தர்க்கிகள் இந்தப் புதிய உள் அடையாளத்தைப் பிடித்துக்கொள்வார்கள். ஒவ்வொரு கணத்திலும் இருப்பது வேறொரு பொருள் என்பது அவர்கள் நிலை. வெட்டிய பின் வளர்ந்த நகத்தைப் பார்த்து ‘அதே நகம்’ என்று சொல்வது ஒப்புமை தரும் மயக்கம். நியாய மரபினர் இதை ஏற்பதில்லை. ‘இது அதுவே’ என்று அறியும் அறிவு நிலைத்திருக்கும் பொருளையே காட்டுகிறது என்பார்கள். எழுத்தொலிகள் நித்தியமானவை, உச்சரிப்பு அவற்றை வெளிப்படுத்த மட்டுமே செய்கிறது என்ற மீமாம்சகர் வழியில் போனால், அனுப்பியவர் பெட்டியில் உள்ளதும் பெற்றவர் பெட்டியில் உள்ளதும் டேப்பில் உள்ளதும் ஒரே கடிதத்தின் வெளிப்பாடுகள் ஆகிவிடும். மின்னஞ்சலுக்கு மிக அருகில் வருவது இந்த மூன்றாவது நிலைதான். காகிதக் கடிதத்துக்கு இருக்கும் ‘மூலம்’ மின்னஞ்சலுக்குத் தொடக்கத்திலேயே கிடையாது.

ஆனால் உள்ளடக்கத்தின் அளவில் மட்டுமே இது சரி. அஞ்சல் பெட்டியில் இருப்பது வெறும் வாசகம் அல்ல. எந்தக் கோப்புறையில் இருந்தது, படிக்கப்பட்டதா, பதில் போனதா என்பனவும் அதோடு ஒட்டியவை. ஞாயிறு இரவு பேக்கப் எடுக்கும்போது திறக்கப்படாமல் இருந்த ஒரு கடிதம் திங்கள் காலை படிக்கப்பட்டு, மதியம் நீக்கப்பட்டதாகக் கொள்ளலாம். செவ்வாய் அன்று பேக்கப்பிலிருந்து மீட்டால் அது ‘படிக்கப்படாதது’ என்ற குறியோடு வந்து நிற்கும். அதன் வாசகத்தில் ஓர் எழுத்தும் பிசகவில்லை. அதன் உரிமையாளரைப் பற்றி அது சொல்வது மட்டும் இன்றைக்கு உண்மையல்ல. நினைவைப் பிரமாணமாக, அதாவது அறிவின் சான்றாக, நியாய மரபு ஏற்காததற்குக் காரணம், நினைவு முன்னைய அனுபவத்தையே சார்ந்து நிற்கிறது என்பது. பேக்கப்புக்கும் அந்த எல்லை பொருந்தும். தன் கணம்வரை அது அறிந்ததை மட்டுமே அது சொல்லும்.

கடிதத்தின் உறவுகளும் கடிதத்தின் பகுதியே என்பதை அமெரிக்க நீதிமன்றம் ஒன்று சட்டமாகவே சொல்ல நேர்ந்தது. ரீகன் அரசின் ரகசிய ஆயுத விற்பனை ஊழலான ஈரான்–கான்ட்ரா விவகாரம் வெடித்த 1986 நவம்பரில், வெள்ளை மாளிகையின் தேசியப் பாதுகாப்புக் குழுவைச் சேர்ந்த ஜான் பாயின்டெக்ஸ்டரும் ஆலிவர் நார்த்தும் புரொஃப்ஸ் என்ற ஐபிஎம் அஞ்சல் அமைப்பிலிருந்து ஆயிரக்கணக்கான செய்திகளை நீக்கினர். பேக்கப் டேப்புகளில் அவை அப்படியே இருந்தன. விவகாரத்தை விசாரித்த டவர் ஆணையம் 1987 பிப்ரவரியில் வெளியிட்ட அறிக்கை அவற்றை ஆதாரமாக எடுத்தாண்டது. 1989 ஜனவரியில், ரீகன் அரசின் பதவிக்காலம் முடியும் தறுவாயில், எஞ்சிய டேப்புகளைக் காக்கப் பத்திரிகையாளர் ஸ்காட் ஆர்ம்ஸ்ட்ராங் முதலியோர் வழக்குத் தொடுத்தனர். காகிதத்தில் அச்சிட்டு வைத்தால் போதும் என்பது அரசின் வாதம். யார் அனுப்பினார், யார் யார் பெற்றனர், எப்போது என்ற விவரங்கள் அச்சில் விடுபடக்கூடும் என்பதால் அச்சுப்பிரதி மின்னஞ்சலுக்கு ஈடாகாது என்று 1993இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அந்தச் செய்திகளுக்குக் கனம் சேர்த்த இன்னொன்றும் உண்டு: அவை நீக்கப்பட்டவை என்பது தெரிந்திருந்தது. நீக்குதல் ஒரு வெறுமை அல்ல, ஒருவர் எடுத்த முடிவு. தவறுதலாகவும் இருக்கலாம், வெட்கத்தாலும் இருக்கலாம், குற்றத்தை மறைக்கவும் இருக்கலாம். மீட்ட கடிதத்தைப் பழைய கோப்புறையில் பழைய வரிசையிலேயே சத்தமில்லாமல் செருகிவிட்டால், அந்த முடிவு எடுக்கப்படவே இல்லை என்று பெட்டி சொல்லத் தொடங்கும். அது பொய். ஒரு கடிதத்தை நேர்மையாக மீட்பதென்றால், அது இடையில் இல்லாமல் போயிருந்ததையும் சேர்த்தே மீட்க வேண்டும். மீட்டவற்றைத் தேதியிட்ட தனிக் கோப்புறைக்குள் வைப்பதற்கு எக்ஸ்சேஞ்சில் வசதி உண்டு. நிர்வாகிகள் பலர் இதை ஒழுங்குக்காகச் செய்கிறார்கள்; உண்மைக்காகவும் அதைச் செய்யத்தான் வேண்டும்.

நீக்கிய முடிவை மதிக்க வேண்டிய கடமை எதிர்த்திசையிலும் இழுக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் 17ஆம் பிரிவு, தன் தரவை அழிக்கக் கேட்கும் உரிமையைச் சில நிபந்தனைகளோடு தனிமனிதருக்குத் தருகிறது. நடப்பு டேட்டாபேஸில் அழிப்பது எளிது. டேப்பில் உறைந்த மொத்தப் பிரதியிலிருந்து ஒரு கடிதத்தை மட்டும் உருவி எடுப்பது பெரும்பாலும் நடவாத காரியம். அதனால் நிறுவனங்கள், அழிக்கக் கேட்ட கோரிக்கைகளுக்கு ஒரு பட்டியல் வைத்திருந்து, பேக்கப்பை மீட்க நேரும் ஒவ்வொரு முறையும் அந்தப் பட்டியல்படி மீண்டும் அழிக்கின்றன. கடிதத்தின் வாசகம் அந்தப் பட்டியலில் இருக்கத் தேவையில்லை. எதை அழித்தோம் என்று அடையாளம் காணும் அளவுக்குக் குறிப்பு இருந்தால் போதும். அந்தக் கடிதம் உள்ள கடைசி பேக்கப்பும் தன் காலக்கெடு முடிந்து மேலெழுதப்படும்வரை அந்தக் குறிப்பு தேவைப்படும்.