என் கை ஒட்டு

சைக்கிள் கடைக்காரர் என் ட்யூபிலிருந்து உரித்தெடுத்த ஒட்டு ஒழுகவில்லை. இதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஒழுகியிருந்தால் இதைப்பற்றி நான் யோசிக்கப் பிரமேயமே இல்லை.

சீமைக்கருவேல முள் ஏறி, வண்டியை அவர் கடைக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தேன். காற்றடித்துத் தண்ணீர்ச் சட்டியில் அமுக்கியபோது குமிழி ஓரிடத்தில்தான் வந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளி, முன்பு நான் வீட்டில் உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காயும்வரை அவசரப்படாமல் காத்திருந்து போட்ட ஒட்டு சாதுவாக இருந்தது. அவர் அதன் விளிம்பில் கட்டைவிரல் நகத்தைக் கொடுத்தார்.

"அது ஒழுகலையே?" என்றேன்.

"இருக்கட்டும் சார்."

இரண்டையும் புதிதாக ஒட்டினார். ஒன்றுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார்.

பேராசை என்று சொல்ல வழியில்லை. அலட்சியம் என்றால் ஒரு வார்த்தையாவது குத்தலாக வந்திருக்கும். அந்த வகையில் நம் ஊர்க் கடைக்காரர்கள் சிக்கனக்காரர்கள் அல்லர். என்னை உறுத்துவது அந்த நகம். நன்றாகப் பிடித்த ஒட்டு நகத்துக்கு இடம் கொடுக்குமா? அது அங்கே ஓர் இடுக்கைக் கண்டுபிடித்ததா, அல்லது உண்டாக்கியதா?

எப்போதோ படித்தது அரைகுறையாக நினைவுக்கு வருகிறது. 1888-ல் பெல்ஃபாஸ்ட் நகரத்துக் கால்நடை வைத்தியரான டன்லப், தம் மகனுடைய மூன்று சக்கர வண்டியின்பொருட்டுச் செய்த காற்றடைத்த டயர், அடுத்த சில வருஷங்களில் சைக்கிள் உலகத்தையே மாற்றியது. ஆயினும் அது சக்கரத்தோடு பசையிட்டு ஒட்டப்பட்டிருந்தபடியால், ஒரு துளையை அடைப்பதென்பது பெரும் பிரயாசையாயிற்று. பிரான்ஸில் மிஷ்லின் சகோதரர்களின் ரப்பர் தொழிற்சாலைக்கு அப்படி வந்து சேர்ந்த ஒரு வண்டியை மணிக்கணக்கில் பழுது பார்த்து, பசை காய ஓர் இரவும் விட்டுவைத்து, மறுநாள் ஓட்டிப் பார்த்தால், சற்று தூரத்திலேயே மறுபடி காற்று இறங்கிவிட்டதாம். அந்த எரிச்சலில் பிறந்ததுதான் கழற்றி மாட்டும் டயர். 1891-ல் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் வரை சென்று திரும்பும் பந்தயத்தில் ஷார்ல் டெரோன் வென்றது அதைப் பூட்டிக்கொண்டுதான். சாதாரண மனிதன் தன் பஞ்சரைத் தானே ஒட்டிக்கொள்ளும் சுதந்திரம் இப்படி வந்தது என்றால், அதற்கப்புறமும் தெருவுக்குத் தெரு பஞ்சர்க் கடை ஏன்? சோம்பல் என்பது பாதி விடை. மீதியை என் தந்தையார் அறிந்திருந்தாரோ என்னவோ.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வாசலில் பழைய செய்தித்தாளை விரித்து, பின்சக்கரத்தைக் கழற்றி, கோனைத் திறந்து, குண்டுகளை மண்ணெண்ணெயில் போட்டு அலசி, கிரீஸ் வைத்து மறுபடி அடுக்குவார்; குண்டு ஒன்று உருண்டோடினால் தேடிப் பிடிப்பது என் உத்தியோகம். எல்லாம் செய்கிறவர், சக்கரத்துக்குக் கோட்டம் எடுப்பதற்கு மட்டும் கடைக்கே அனுப்புவார். ஸ்போக் சாவி வீட்டுப் பெட்டியிலேயே கிடந்தது. அம்மா கேட்டால், "அவருக்கும் ஒரு வேலை இருக்கட்டும்" என்பார்.

தன்னால் இயன்றதிலும் சிறிதைப் பிறர் ஜீவனத்துக்கென்று ஒதுக்கி வைப்பது ஒரு தர்மம் என்றே நெடுநாள் கொண்டிருந்தேன். கடைக்காரருடைய தர்மமோ வேறு மாதிரி இருக்கிறது: தம் கைவழியே வெளியே போகும் ட்யூபில், பிறர் ஒட்டிய ஒட்டுக்கும் தாமே ஜவாப்தாரி என்று கருதுகிறவர், எனக்கென்று எதையும் ஒதுக்கி வைக்க முடியாதல்லவா? அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. என் ஒட்டை விட்டுக்கொடுக்கவும் மனம் வரவில்லை.

தந்தையாரைப் பற்றியும் இப்போது ஒரு சந்தேகம். நிப்பிளைக் கால் திருப்புத் திருப்பி, சக்கரத்தைச் சுழலவிட்டு, பிரேக் கட்டையருகே அது எந்தப் பக்கம் ஒதுங்குகிறதென்று பார்த்து, ஒரு பக்கத்து ஸ்போக்கை இறுக்கி எதிர்ப்பக்கத்ததைத் தளர்த்தும் அந்த வித்தை சாமானியத்தில் கைவருவதில்லை என்பதை நானே செய்து பார்த்து அறிந்திருக்கிறேன். அவர் விட்டுக்கொடுத்தது தாராள குணத்தாலா, அல்லது கோட்டம் எடுக்க அவருக்குத் தெரியாததாலா? இரண்டும் கலந்தே இருந்திருக்கலாம். எது எவ்வளவு என்று எனக்குத் தீர்மானமாகவில்லை.