பெண்ணுடை பூணும் ஆண்மகன்: மார்க்கத்தின் தீர்ப்பும் நமது கடமையும்

ஆடை, ஆதமுடைய மக்களுக்கு அல்லாஹுத்தஆலா அருளிய நிஃமத்துகளில் ஒன்று. மானத்தை மறைப்பதற்கும் அழகுக்கும் ஆடையை இறக்கியதாக அல்அஃராஃப் அத்தியாயத்தில் அறிவிக்கும் இறைவன், தக்வா எனும் ஆடையே மேலானது என்றும் அங்கேயே உணர்த்துகிறான். எனவே ஆடையைப் பற்றிப் பேசப் புகுவோர் உடம்பின் மேல் கிடப்பதை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. உள்ளத்தில் உள்ளதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இன்று நம் இல்லங்களில் கைபேசி நுழையாத அறை இல்லை. ஹீல்ஸ் என்று கடைகளில் சொல்லப்படும் குதி உயர்ந்த செருப்பை அணிந்தும், தாவணி சேலை உடுத்தியும் ஆடிப் பாடும் வாலிபர்களின் படங்கள் அதில் வருகின்றன. சில வீடுகளில் அது படத்தோடு நின்றுவிடுவதில்லை. பெற்ற மகனே தனியறையில் உம்மாவின் சேலையை உடுத்திப் பார்க்கிறான். அக்காளின் செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கிறான். கட்டுப்பாடு மிகுந்த ஊர்களில் இது வெளியே தெரிந்துவிட்டால் அந்தக் குடும்பம் தலைநிமிர முடிவதில்லை.

இத்தகைய நேரத்தில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. இது ஹராமா என்பது ஒன்று. இவனை வீட்டில் வைத்திருக்கலாமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு ஆலிமைத் தேடி வருகிறார்கள். இரண்டாவது கேள்விக்கோ யாரையும் கேளாமல் தம் கையாலேயே விடை சொல்லிவிடுகிறார்கள். இரண்டையும் நாம் நிதானமாக ஆராய்வோம்.

தடையின் அளவு

பெண்களுக்கு ஒப்பாக நடக்கும் ஆண்களையும், ஆண்களுக்கு ஒப்பாக நடக்கும் பெண்களையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சபித்தார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. இதில் மறைவோ மழுப்பலோ இல்லை. வேண்டுமென்றே பெண்வேடம் பூணுவது ஆணுக்கு விலக்கப்பட்டது. இதை இல்லையென்று சொல்ல எவருக்கும் அதிகாரம் கிடையாது.

ஆனால் எது பெண்ணின் ஆடை, எது ஆணின் ஆடை? ஷரீஅத் இதற்கென்று ஒரு பட்டியல் தரவில்லை. ஹிஜ்ரி 852-ல் (கி.பி. 1449) மறைந்த இமாம் இப்னு ஹஜர் அஸ்கலானீ (ரஹ்) அவர்கள், புகாரிக்குத் தாம் எழுதிய விரிவுரையான ஃபத்ஹுல் பாரீயில் இதைத் தெளிவாக்குகிறார்கள். ஆடையின் அமைப்பு ஒவ்வோர் ஊரின் வழக்கத்தைப் பொறுத்து மாறும் என்பதும், ஆண் பெண் ஆடைகள் ஒன்றுபோலவே இருக்கும் நாடுகளும் உண்டு என்பதும் அவர்கள் தரும் விளக்கத்தின் கருத்து.

இதற்கு நம் இடுப்பில் இருக்கும் கைலியே போதிய சான்று. மூட்டிய துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு ஓர் ஆண் வீதியில் போனால் எத்தனையோ நாடுகளில் அதைப் பாவாடை என்றே நினைப்பார்கள். நமக்கோ அது பாட்டனார் காலத்து ஆண்மகனின் உடை. பர்மாவில் ஆணும் பெண்ணும் லுங்கியே உடுத்துகிறார்கள். ஆண் முன்பக்கம் முடிச்சிடுகிறான், பெண் பக்கவாட்டில் மடித்துச் செருகுகிறாள். அந்த ஒரு முடிச்சே அங்கு ஆணையும் பெண்ணையும் பிரித்துக் காட்டப் போதுமானதாக இருக்கிறது.

குதிரை வீரனின் செருப்பு

குதி உயர்ந்த செருப்பின் வரலாறு இதைவிட வியப்பானது. அது பெண்களுக்காகப் பிறந்ததன்று. பாரசீக நாட்டுக் குதிரை வீரர்கள் சேணத்தின் அங்கவடியில் எழுந்து நின்று அம்பு எய்வார்கள். அப்போது கால் வழுக்கிவிடாமல் பிடித்துக்கொள்ளவே செருப்பின் குதியை உயர்த்தினார்கள். கனடா நாட்டு டொரண்டோ நகரிலுள்ள பாட்டா காலணி அருங்காட்சியகத்தில் 17-ஆம் நூற்றாண்டுப் பாரசீகத்துக் குதி உயர்ந்த காலணி இன்றும் இருக்கிறது. முதலாம் ஷா அப்பாஸ் 1599-ல் ஐரோப்பிய மன்னர்களிடம் தூதுக்குழுவை அனுப்பினார். அக்காலத்தை ஒட்டி ஐரோப்பியப் பிரபுக்களும் அந்தச் செருப்பை விரும்பி அணியத் தொடங்கினர். பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயி சிவப்புக் குதி வைத்த செருப்புடன் நிற்பதை 1701-ல் வரையப்பட்ட அவருடைய புகழ்பெற்ற ஓவியத்தில் காணலாம். பெண்கள்தாம் ஆண்களைப் பார்த்து அதை அணிந்தார்கள். 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் ஐரோப்பிய ஆண்கள் அதைக் கைவிட்டுவிட, அது பெண்களிடம் தங்கியது.

ஆகவே 1600-ல் இஸ்ஃபஹான் நகரில் ஒரு வீரன் குதி உயர்ந்த செருப்பணிந்தால் அதில் பெண்ணுக்கு ஒப்பாதல் இல்லை. இன்று நம்மூர்க் கடையில் பெண்களுக்கென்றே விற்கப்படும் ஊசிக்குதிச் செருப்பை ஓர் ஆண் அணிந்து உலவினால் அது ஒப்பாதலில் சேரும். ஆண்களுக்கென்றே விற்கப்படும், குதி சற்று உயர்ந்த பூட்ஸை அணிபவனை இதில் சேர்க்க முடியாது. தடை என்றும் மாறாதது. அது எதன்மீது விழுகிறது என்பதை ஊர் வழக்கம் காட்டுகிறது. இதை அறியாமல் கண்ணில் பட்டதையெல்லாம் ஹராம் என்பதும் தவறு. வழக்கம் மாறக்கூடியதுதானே என்று இன்றுள்ள வழக்கத்தைத் துச்சமாக மிதிப்பதும் தவறு.

நிய்யத் எனும் தராசு

அடுத்துப் பார்க்க வேண்டியது நிய்யத். பனீ இஸ்ராயீல் கூட்டத்தில் குள்ளமான ஒரு பெண் இருந்தாள்; உயரமான இரு பெண்களோடு நடக்கையில் தன்னை யாரும் அடையாளம் காணாதிருக்க மரத்தாலான கால்களைப் பொருத்திக்கொண்டாள் என்று ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு ஹதீஸ் வருகிறது. ஹிஜ்ரி 676-ல் (கி.பி. 1277) மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் இதற்கு விளக்கம் எழுதுகையில், தன்னை மறைத்துக்கொள்வது போன்ற முறையான நோக்கம் இருந்தால் குற்றமில்லை, பெருமைக்காகவோ பிறரை ஏமாற்றவோ செய்தால் ஹராம் என்று பிரித்துக் காட்டுகிறார்கள். ஒரு கால் குட்டையானவர் மருத்துவர் சொல்படி செருப்பின் குதியை உயர்த்திக்கொள்வதும், மற்றவரைவிட உயர்ந்தவனாகத் தோன்ற வேண்டும் என்று ஒருவன் உயர்த்திக்கொள்வதும் ஒன்றாகுமா?

பெண்ணின் சாயல் கொண்ட ஆணைக் கிதாபுகளில் முகன்னஸ் என்பார்கள். இவர்களில் இரு வகையினர் உண்டென்று நவவீ இமாம் எழுதுகிறார்கள். பேச்சிலும் நடையிலும் பிறவியிலேயே அவ்வாறு அமைந்தவர் ஒரு வகை. அவர் மீது பழியில்லை, பாவமில்லை, தண்டனையுமில்லை. அது அவர் தேடிக்கொண்டதன்று. பிறவியில் அவ்வாறின்றி, வேண்டுமென்றே பெண்போல் நடந்துகொள்பவன் மற்ற வகை. சாபம் இவனுக்குரியது. இமாம் இப்னு ஹஜர் இதற்கு ஒரு வரம்பு கட்டுகிறார்கள்: பிறவிச் சாயல் உள்ளவரும் அதைப் படிப்படியாக விட்டுவிட முயல வேண்டும், முயன்றும் முடியாதவர் மீது குற்றமில்லை. இவ்விரு இமாம்களின் சொல்லையும் சேர்த்து நோக்கினால், குற்றத்தின் வேர் மனிதனின் தேர்விலும் நாட்டத்திலும் இருக்கிறது என்பது விளங்கும். உடலமைப்பிலேயே ஆணா பெண்ணா என்று தெளிவாகாத குன்ஸா என்பவரோ வேறு. அவருக்கு ஃபிக்ஹு கிதாபுகள் வாரிசுப் பங்கும் வகுத்திருக்கின்றன. தொழுகை அணியில் இடமும் வகுத்திருக்கின்றன.

இப்போது நம் நடைமுறையைப் பார்ப்போம். கல்யாண வீட்டில் ஒருவன் சிரிப்பு மூட்டுவதற்காகச் சேலை கட்டி வந்தால் கைதட்டுகிறோம். 1996-ல் வெளிவந்த 'அவ்வை சண்முகி' படத்தில் கதாநாயகன் மாமி வேடத்தில் வந்ததைக் குடும்பத்தோடு பார்த்துச் சிரித்தவர்கள் எத்தனை பேர்! அங்கே இருப்பது முழுக்க முழுக்க வேண்டுமென்றே பூண்ட வேடம். ஆனால் பிறவியிலேயே மென்மையான நடை வாய்த்த ஒரு பிள்ளை மதரஸாவுக்குப் போகும்போது தெருமுனையில் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம். ஷரீஅத் யாரைக் கண்டிக்கிறதோ அவனைப் பார்த்து ரசிக்கிறோம்; யாரை மன்னிக்கிறதோ அவனை வதைக்கிறோம். ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகாசம் செய்வதையும், தீய பட்டப்பெயர்களால் அழைப்பதையும் அல்ஹுஜுராத் அத்தியாயம் வெளிப்படையாகத் தடுக்கிறது. அந்தத் தடையை மீறுபவர்களைக் குறித்து எந்த ஜமாஅத்திலாவது விசாரணை நடந்ததுண்டா?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தங்கமும் பட்டும் இந்த உம்மத்தின் ஆண்களுக்கு ஹராம் என்பது தெளிவான ஹதீஸ். அப்படியிருந்தும் மாப்பிள்ளைக்குத் தங்கச் சங்கிலியும் மோதிரமும் போடுவது பெரிய வீட்டுச் சம்பந்தத்தின் அடையாளமாகிவிட்டது. ஊர் கூடி நின்று அதை வாழ்த்துகிறது. ஆணுக்கு ஆகாத அணி என்பதில் இதுவும் சேர்ந்ததுதான். வசதியுள்ளவனின் கழுத்தில் கிடக்கும்போது கண் தெரியாதவர்களுக்கு, ஏழைப் பையனின் காலில் கிடக்கும்போது மட்டும் மார்க்கம் நினைவுக்கு வருமானால் அது மார்க்கப்பற்று ஆகாது.

வீட்டைவிட்டு வெளியேற்றலாமா?

இனி இரண்டாவது கேள்வி. பெண்போல் நடப்பவர்களை வீடுகளைவிட்டு வெளியேற்றுங்கள் என்ற கட்டளை புகாரியில் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் அந்த ஹதீஸை ஒட்டியே எந்த ஹதீஸை வைத்திருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களின் இல்லத்தில் முகன்னஸ் ஒருவர் வந்து போய்க்கொண்டிருந்தார். ஒருநாள் அவர் அந்நியப் பெண் ஒருத்தியின் உடலழகை ஓர் ஆணிடம் வர்ணித்துப் பேசினார். அதைக் கேட்ட நாயகம் (ஸல்) அவர்கள், இத்தகையோர் இனிப் பெண்களிடம் வரக்கூடாது என்றார்கள். அதற்கு முன்பு அவர் வந்துபோவதையோ அவருடைய இயல்பையோ அவர்கள் கண்டிக்கவில்லை என்று நவவீ இமாம் குறிப்பிடுகிறார்கள். ஆக, அங்கே தடுக்கப்பட்டது அந்நியர் ஒருவர் பெண்கள் இருக்கும் பகுதிக்குள் நுழைவது. பெற்ற மகனைத் தகப்பன் நடுத்தெருவில் நிறுத்துவதற்கு இதை ஆதாரமாக்குவது பொருந்தாது என்பதே நமக்கு விளங்குவது.

அபூதாவூதில் வரும் இன்னொரு நிகழ்ச்சியைக் கேளுங்கள். கைகால்களில் மருதாணி பூசிப் பெண்போல் நடந்த ஒருவர் நாயகம் (ஸல்) அவர்களிடம் கொண்டுவரப்பட்டார். அவரை நகீஃ என்ற இடத்துக்கு அனுப்பும்படி கட்டளையாயிற்று. கொன்றுவிடலாமா என்று தோழர்கள் கேட்டபோது, தொழுபவர்களைக் கொல்வதைவிட்டுத் தாம் தடுக்கப்பட்டிருப்பதாக நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். ஊருக்கு வெளியே அனுப்பப்பட்ட முகன்னஸ் ஒருவரைப் பற்றிய வேறோர் அறிவிப்பும் அதே நூலில் உண்டு. அவர் பசியால் இறந்துவிடுவாரே என்று முறையிடப்பட்டபோது, வாரத்தில் இருமுறை ஊருக்குள் வந்து உணவு கேட்டுப் பெற்றுச் செல்ல அவருக்கு அனுமதி வழங்கப்பட்டது.

ஆட்சிப் பொறுப்பு உடையவர் அளித்த தண்டனையிலேயே உயிருக்குக் காவல் இருந்தது. வயிற்றுக்கு வழியும் இருந்தது. எந்த அதிகாரமும் இல்லாத அண்ணன் தம்பிகளும் தெருப்பிள்ளைகளும் கையில் எடுக்கும் தண்டனையில் இவ்விரண்டும் இருக்கின்றனவா? உடுத்திய துணியோடு துரத்தப்பட்ட பதினாறு வயதுப் பிள்ளை எங்கே போவான்? யார் கையில் போய்ச் சிக்குவான்? பசித்த வயிற்றுக்காக எதற்கெல்லாம் இணங்குவான்? அவன் பின்னர் செய்யும் பாவத்தில் கதவைச் சாத்தியவருக்குப் பங்கே இல்லையென்று எந்தத் தகப்பனால் துணிந்து சொல்ல முடியும்? நம் நாட்டுச் சட்டமும் இதைக் கவனித்திருக்கிறது. திருநங்கையர், திருநம்பியரின் உரிமைகளுக்காக 2019-ல் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், அந்தக் காரணத்துக்காக ஒரு பிள்ளையை நீதிமன்ற உத்தரவின்றிப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக்கூடாது என்று விதித்தது. நமக்கோ அதற்கும் வெகு முன்னரே இரத்த உறவைத் துண்டிக்காதே என்ற கட்டளை வந்துவிட்டது.

நம் மீதுள்ள கடமை

பிள்ளைக்குப் புத்தி சொல்ல வேண்டும். ஆனால் தனிமையில் சொல்ல வேண்டும். விபசாரத்துக்கே அனுமதி கேட்டு வந்த வாலிபரை நாயகம் (ஸல்) அவர்கள் அருகில் அழைத்து உட்கார வைத்து, உன் தாய்க்கு இதை விரும்புவாயா, உன் மகளுக்கு விரும்புவாயா என்று கேட்டு, அவர் மீது கை வைத்து துஆச் செய்ததாக முஸ்னத் அஹ்மதில் வருகிறது. அதைவிடப் பெரிய குற்றத்தையா நம் பிள்ளை செய்துவிட்டான்? அவன் விளையாட்டுக்குச் செய்கிறானா, படத்தைப் பார்த்துச் செய்கிறானா, இல்லை பிறவி இயல்பா என்பதைப் பொறுமையோடு அறிய வேண்டும். அறியாமல் கையை ஓங்கக் கூடாது.

சோறும் பாயும் நிறுத்தப்படக் கூடாது. பள்ளிவாசலில் அவன் நிற்கும் அணியில் பக்கத்தில் நிற்பவர் விலகிப் போகக் கூடாது. பாகப்பிரிவினையில் அவன் பெயரை விட்டுவிடக் கூடாது. வாரிசுரிமையைத் தடுப்பவை என்று ஃபிக்ஹு நூல்கள் எண்ணிச் சொல்பவை கொலை, மார்க்க வேறுபாடு, அடிமைத்தனம் ஆகியவைதாம். அவற்றில் ஆடை இல்லை. அவன் மவுத்தானால் குளிப்பாட்டி, கஃபனிட்டு, ஜனாஸா தொழுது அடக்குவது முஸ்லிம்கள் அனைவர் மீதும் பர்ளு கிஃபாயா. மையித்தைத் தடுத்து நிறுத்தி வைக்கும் அதிகாரம் எந்த ஜமாஅத்துக்கும் தரப்படவில்லை.

ஒருவனுடைய செயலை ஹராம் என்று சொல்வது ஒன்று. அவனையே நமக்கு அந்நியனாக்கிக்கொள்வது வேறு. முன்னதைச் சொல்ல மார்க்கம் நமக்கு அனுமதி தந்திருக்கிறது. சொல்லாவிட்டால் கேள்வியும் உண்டு. பின்னதற்கு அனுமதி தரவில்லை. பிள்ளையின் உடையைத் திருத்தப் புறப்படும் தகப்பன், இரக்கம் என்ற ஆடையைத் தான் களைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம் மக்களுக்கு அல்லாஹ் நேர்வழியையும், நமக்கு அவர்களை நடத்தும் நல்லறிவையும் தந்தருள்வானாக! ஆமீன். வல்லாஹு அஃலம்.